வட்டின் எல்லைக் கற்கள்

2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அன்று கல்வராயன் மலை ஓர் அங்குலமும் அசையவில்லை. கோமுகி ஆறும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியவை ஏடுகளில் குறிக்கப்பட்ட எல்லைகளே. கணிப்பொறியின் வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதும் ஏறக்குறைய இத்தகையதே.

மாணவ நண்பர்களே, மெய்நிகர் கணிப்பொறி என்பது ஒரு கணிப்பொறிக்குள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறி. லினக்ஸின் கருவிலேயே இதற்குத் துணைபுரியும் கேவிஎம் என்னும் அமைப்பு 2007-இல் சேர்க்கப்பட்டது. இத்தகைய பொறியின் வட்டு, பெரும்பாலும் வெளிக்கணிப்பொறியில் உள்ள ஒரு கோப்பேயாகும். ஆதலால் இடம் போதாதபோது புதிய வட்டு வாங்க வேண்டுவதில்லை; ஒரே கட்டளையால் 20 ஜிகாபைட்டை 40 ஆக்கிவிடலாம். ஆயினும் உள்ளே சென்று பார்த்தால் பழைய 20 ஜிகாபைட்டே தென்படும். காரணம் என்ன?

இங்கே மூன்று அடுக்குகள் உண்டு. நிலம் போன்றது வட்டு. நிலத்தின் எல்லை போன்றது பகுதி. எல்லைக்குள் பாத்தி கட்டிப் பயிரிடுதல் போன்றது கோப்பு முறைமை. நிலம் பெருகினும் எல்லைக் கல் தானே நகராது. கல் நகர்ந்தாலும் பாத்தி தானே விரியாது.

எல்லைகளைக் குறிக்கும் ஏட்டில் இருவகை உண்டு. பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பகுதிகள் நான்கே. புதிய ஜிபிடி முறையில் பொதுவாக 128 பகுதிகளுக்கு இடமுண்டு. ஏட்டின் நகலொன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். வட்டு பெருகினால் அந்நகலைப் புதிய கடைசிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பின்னர்ப் பகுதியின் முடிவை மட்டும் நீட்ட வேண்டும். தொடக்கம் சிறிதும் மாறலாகாது. மாறினால் கோப்பு முறைமை இருக்குமிடத்தைக் கணிப்பொறி அறியாது. இப்பணிக்குக் குரோபார்ட் என்னும் கருவி உதவும். இறுதியாக, ரீசைஸ்2எஃப்எஸ் என்னும் கட்டளை ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை விரிவாக்கும். பொறி இயங்கும்போதே இதனைச் செய்யலாம்.

நம் பகுதிக்கும் புதிய இடத்துக்கும் நடுவே வேறொரு பகுதி குறுக்கிட்டால், அயலார் நிலம் இடையில் நிற்பது போலாகும். நேராக நீட்ட இயலாது. தொடக்கத்திலேயே எல்விஎம் முறையைக் கையாண்டவர்க்கு இத்தொல்லை இல்லை. ஒரே பட்டாவில் பல துண்டு நிலங்கள் அடங்குவதுபோல, சிதறிய இடங்களை அது ஒரே தொகுதியாகக் காட்டும்.

பகுதியைச் சுருக்குவதற்கு வரிசை நேர்மாறானது. முதலில் கோப்பு முறைமை, அடுத்துப் பகுதி, கடைசியில் வட்டு. ஈஎக்ஸ்டி4 முறைமையைச் சுருக்குவதற்கு முன் அதனைப் பயன்பாட்டினின்றும் விலக்க வேண்டும். இவ்வரிசையை மறந்து எல்லையை முதலில் குறுக்கினால், விளைந்த பயிர் வேலிக்கு வெளியே நின்றுவிடும். ஓராண்டு ஆய்வுக் குறிப்புகள் ஒரு நொடியில் பாழாகக்கூடும்.

இதற்கு மெய்நிகர் கணிப்பொறி எளிய காப்பு ஒன்றை அளிக்கிறது. பொறியை முறைப்படி நிறுத்தி, வட்டுக் கோப்பை முழுவதும் படியெடுத்து, அப்படியை வேறொரு சாதனத்தில் வைத்திடுங்கள். அது சரியாக இயங்குவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் எல்லைக் கல்லில் கை வைக்கலாம்.