கொழுப்பைத் தடுத்தால் புற்றுநோய் வளருமா?

வீடு கட்டுவோனுக்குக் கல்லும் சுண்ணாம்பும் கிட்டாவிடின் வேலை நின்றுவிடும் என்பதை நாம் அறிவோம். புற்றுநோயையும் இவ்வாறே நிறுத்தலாகாதா என்று விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

நம் உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய சவ்வொன்று போர்த்திருக்கின்றது. அச்சவ்வுக்கு அடிப்படை கொழுப்புப் பொருளே. கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது புதிய சவ்வு வேண்டும். அதற்குக் கொழுப்பும் வேண்டும். நம் உடலின் பெரும்பாலான கலங்கள் அதனை இரத்தத்திலிருந்தே பெறுகின்றன. ஓயாது பெருகும் புற்றுநோய்க் கலங்கள் பலவோ தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. குளுக்கோசு முதலியவற்றிலிருந்து கிடைக்கும் சிறு காபன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 16 காபன் அணுக்களையுடைய பாமிற்றிக்கமிலத்தை அவை உண்டாக்குகின்றன. இவ்வேலையைச் செய்வது கொழுப்பமிலத் தொகுப்பு நொதியம் ஆகும்.

1953ஆம் ஆண்டில் மீட்ஸ், தோமஸ், வைன்ஹவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், புற்றுநோய்க் கட்டிகளின் துண்டுகள் கொழுப்பமிலங்களை ஆக்குவதைக் காட்டினர். 1994இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பிரான்சிஸ் குஹஜ்டாவும் அவர்தம் குழுவினரும், கொடிய மார்புப் புற்றுநோய்களிற் காணப்பட்ட புரதம் ஒன்று இந்நொதியமே என நிறுவினர். யப்பானில் பங்கசு ஒன்றிலிருந்து பெறப்பட்ட செருலெனின் என்னும் பொருள் இந்நொதியத்தைத் தடுக்க வல்லது. ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களுக்கு அதனை இட்டபோது அவற்றின் வளர்ச்சி குன்றியது.

ஆயினும், நோய் ஒழிந்தது என்று நாம் மகிழ்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டில், சி75 என்னும் செயற்கைத் தடுப்புப் பொருளைச் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது அவை உணவை வெறுத்து மெலிந்தன. அன்றியும், கொழுப்பை ஆக்கும் வழி அடைபட்டதும், சில புற்றுநோய்க் கலங்கள் இரத்தத்திலுள்ள கொழுப்பை ஈர்த்துப் பிழைத்துக்கொள்கின்றன. முன்வாயிலைப் பூட்டினால் பின்வாயிலால் நுழையும் கள்வனை ஒத்தன இவை. ஆதலின் இத்தகைய தடுப்பு மருந்துகளை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறையை நோயாளரிடத்தும் பரிசோதித்துள்ளனர்.

ஈண்டு நம் இல்லத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. கொழுப்பே பகை எனக் கருதி, நோயாளியின் உணவிலிருந்து நெய்யையும் தேங்காய்ப்பாலையும் நாமாகவே விலக்குதல் தகாது. விஞ்ஞானிகள் தேடும் தடை கலத்தினுள்ளே நிகழ வேண்டியது, அடுப்படியில் நிகழ்வதன்று. உணவு குறைந்து உடல் மெலிந்தால், சிகிச்சையைத் தாங்கும் வலுவும் குன்றிவிடும். எதனை உண்பது, எதனை விலக்குவது என்பதை வைத்தியரிடம் கேட்டறிதலே அறிவுடைமை. ஆய்வு தன் வழியே செல்லட்டும்; அதுவரை நோயாளியின் உடல்வலுவைப் பேணுதல் நம் கடன்.