நொண்டும் குதிரை சொல்லும் சேதி

திருமலையில் பிரம்மோற்சவம் ஒன்பது நாள் நடக்கும். ஏழுமலையான் வாகனத்தில் மாட வீதிகளில் வலம் வருவார். வாகனத்துக்கு முன்னால் யானைகள் நடக்கும். அலங்காரம் செய்த குதிரைகளும் காளைகளும் நடக்கும். நாம் சாமியைப் பார்க்கிறோம். குதிரையின் மேல் போட்ட பட்டைப் பார்க்கிறோம். அதன் கால்களைப் பார்க்கிறோமா?

குதிரைக்காரர் பார்ப்பார். குதிரை பிழைப்பது காலால்தான். குதிரைக்காரர் பிழைப்பதும் அந்தக் காலால்தான். ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கு இது தெரியும். கொடைக்கானலிலும் மெரினா கடற்கரையிலும் சவாரி விடுபவருக்கும் தெரியும். குதிரை நொண்டினால் அன்றைக்கு வருமானம் இல்லை.

சவாரிக்குப் பெரும்பாலும் மட்டக்குதிரைகளை வைத்திருப்பார்கள். இவை உயரம் குறைந்த குதிரைகள். இவற்றுக்கு நொண்டல் வரும். ஓய்வு கொடுத்தால் போகும். வேலை கொடுத்தால் மறுபடி வரும். இது ஏன்? இதற்கு என்ன செய்வது? பார்ப்போம்.

எந்தக் காலில் வலி?

நொண்டல் ஒரு நோய் அல்ல. அது வலியின் அடையாளம். வலி எந்தக் காலில் என்று முதலில் தெரிய வேண்டும்.

குதிரையைச் சமமான, கெட்டியான தரைக்குக் கொண்டு போங்கள். ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டட்டும். நீங்கள் எதிரில் நின்று தலையைப் பாருங்கள். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பின்காலில் வலி என்றால் பின்னால் நின்று பாருங்கள். வலியுள்ள பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும்.

முதலில் குளம்பைப் பாருங்கள்

பல நொண்டல்களுக்குக் காரணம் குளம்பில்தான் இருக்கும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். கல் சிக்கியிருக்கிறதா? லாட ஆணி சதையில் ஏறியிருக்கிறதா? குளம்பு சூடாக இருக்கிறதா? சீழ் நாற்றம் வருகிறதா?

ஆணி ஆழமாகக் குத்தியிருந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரைக்குத் தனுர்வாதம் எளிதில் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. மூட்டுக்குப் பக்கத்தில் புண் பட்டாலும் காத்திருக்கக் கூடாது. புண் சிறியதாக இருக்கலாம். ஆனால் கிருமி மூட்டுக்குள் போனால் கால் கெட்டுவிடும்.

மூட்டு எப்படித் தேய்கிறது?

குளம்பில் குறை இல்லை. ஆனாலும் நொண்டல் திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது மூட்டுவாதமாக இருக்கலாம்.

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. நடுவில் மூட்டு நீர் இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போல இந்த நீர் உதவுகிறது. வயதாலும், அதிக பாரத்தாலும், அடிபட்டதாலும் குருத்தெலும்பு தேயும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. மூட்டு வீங்கும். ஓரத்தில் புதிய எலும்பு முளைக்கும். மூட்டு மடங்காமல் இறுகிப் போகும்.

இதை எப்படி அறியலாம்? காலையில் குதிரை விறைப்பாக நடக்கும். சிறிது தூரம் போனதும் சரியாகிவிடும். "உடம்பு சூடேறினால் நடந்துவிடும்" என்று நாம் நினைப்போம். இதுதான் நம்மை ஏமாற்றும் இடம். நடை சரியாகிறது. மூட்டு சரியாகவில்லை.

வலியை மறைத்தால் என்ன ஆகும்?

ஒரு குதிரைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீசன் நேரம். குதிரை நொண்டுகிறது. கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார். குதிரை நன்றாக நடக்கிறது. பத்துச் சவாரி போகிறது. மாத்திரை வலியை மறைத்தது. தேய்ந்த மூட்டின் மேல் பாரம் ஏறியது. அடுத்த மாதம் நொண்டல் இன்னும் அதிகம். அடுத்த சீசனில் குதிரையால் நிற்கவே முடியவில்லை. பத்துச் சவாரிக்காக ஒரு குதிரையை இழந்துவிட்டார்.

வலி மாத்திரை கூடாது என்பதல்ல. மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்கலாம். அளவு மீறினால் குதிரைக்கு வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டைக்குளோபினாக் என்ற வலி மருந்து உண்டு. அது கொடுத்த மாடுகள் இறந்தபின், அவற்றைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால் 2006-ஆம் ஆண்டு கால்நடைகளுக்கான அந்த மருந்தின் உற்பத்தியை இந்திய அரசு தடை செய்தது.

சிலர் மூட்டில் சூடு போடுவார்கள். சூட்டுக் காயம் இன்னொரு வலியைத்தான் சேர்க்கும். தேய்ந்த மூட்டு அதனால் வளராது.

நாம் செய்யக் கூடியவை

• மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் காலை மடக்கிப் பிடித்து, பிறகு ஓட விட்டுப் பார்ப்பார். தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்.
• புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் ஓய்வு கொடுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றுங்கள்.
• பழைய மூட்டுவாதக் குதிரையை நாள் முழுதும் கட்டிப் போடாதீர்கள். மூட்டு இறுகும். மருத்துவரைக் கேட்டு, தினமும் மெல்ல நடக்க விடுங்கள்.
• குதிரை பருமனாகாமல் பாருங்கள். உடல் எடை கூடினால் மூட்டுக்குப் பாரம் கூடும்.
• ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடம் மாற்றுங்கள். குளம்பு கோணலானால் மூட்டும் கோணலாகத் தேயும்.
• படுக்க வைக்கோல் போடுங்கள். செங்குத்தான இறக்கத்தையும் கெட்டித் தரையில் ஓடுவதையும் தவிருங்கள்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. நோயாலோ புண்ணாலோ வேலைக்கு ஆகாத பிராணியை வேலை வாங்குவது அச்சட்டப்படி குற்றம். 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி மட்டக்குதிரை மேல் ஏற்றும் சுமை 70 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பிராணிகளை நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் பாரம் சுமக்க வைக்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.

எழுதி வையுங்கள்

நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அந்தப் படிப்பு உங்கள் குதிரைக்கும் உதவும். ஒரு நோட்டு வாங்குங்கள். நொண்டும் போதெல்லாம் இப்படி எழுதுங்கள்:

தேதி: மே 12
கால்: முன் வலது
முந்திய நாள் வேலை: 9 சவாரி, மேட்டுப் பாதை
லாடம் மாற்றியது: மார்ச் 2
எத்தனை நாளில் சரியானது: 4 நாள்

மூன்று மாதம் எழுதிய பிறகு படித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே காலா? மேட்டுப் பாதைக்குப் பிறகா? லாடம் மாற்ற நாள் தவறியபோதா? விடை உங்கள் நோட்டிலேயே இருக்கும். குதிரைக்கு வாய் இல்லை. அதன் வலியை மருத்துவரிடம் உங்கள் நோட்டு சொல்லும்.

திருப்பதியில் 1955-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1903-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தொலைவில் இருப்பவர்கள் உள்ளூர் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் அழைக்கலாம்.

மூட்டுவாதத்தை முற்றிலும் போக்க முடியாது. ஆனால் வலியைக் குறைக்கலாம். தேய்வின் வேகத்தைக் குறைக்கலாம். பாரத்தைக் குறைத்தால் குதிரை இன்னும் சில ஆண்டு உழைக்கும். முடியாத நாள் வந்தால் அதற்கு ஓய்வு கொடுப்போம். பல ஆண்டுகள் நம் குடும்பத்தைச் சுமந்த கால்கள் அவை.

சிந்தியுங்கள்
1. முன்காலில் வலி இருந்தால் குதிரை எப்போது தலையைத் தூக்கும்?
2. வலி மாத்திரை கொடுத்துச் சவாரி விட்டால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டுக் கால்நடைக்கு ஒரு நோட்டு வைத்தால் அதில் எவற்றை எழுதுவீர்கள்?