பரணில் கிடக்கும் பழைய டி.வி.

போகி வருகிறதென்றால் நம் வீடுகளில் பரணை ஒழிக்கும் வேலை தொடங்கிவிடும். தில்லிக்கு வந்து எத்தனை வருடமானாலும் இந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. முன்பு பழைய பாயும் முறமும் கிடந்த இடத்தில் இப்போது படக்குழாய் டி.வி., ஓடாத மிக்ஸி, ஊதிப்போன செல்போன் பேட்டரி, எரியாத டியூப்லைட் எல்லாம் கிடக்கின்றன. இவற்றை என்ன செய்வது?

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பழைய கலர் டி.வி.யை வாசலில் வந்த கபாடிவாலாவிடம் 200 ரூபாய்க்குக் கொடுத்தேன். இடம் ஒழிந்ததே என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் சீலம்பூர் பக்கம் போனபோது, ஒரு சந்தில் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பையன் ஒருவன் அதே மாதிரிப் பெட்டியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தாமிரத்துக்காக ஒயர்கள் எரிந்துகொண்டிருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரயில்வேயில் கழித்துவிட்ட தண்டவாளத் துண்டைக்கூட எடை போட்டு, கணக்கெழுதி, ஏலம் விட்டுத்தான் வெளியே அனுப்புவோம். வாங்கியவர் யார் என்பது ஏட்டில் இருக்கும். அந்தக் கணக்கை என் சொந்த வீட்டுப் பெட்டிக்கு நான் வைக்கவில்லை.

படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காகச் சேர்த்தது. குழாயை உடைத்தால் அந்த ஈயம் தூசியாகி மூச்சில் போகும். வளரும் பிள்ளைகளின் மூளையை அது பாதிக்கும். ஒயரின் பி.வி.சி. உறையை எரித்தால் டையாக்ஸின் என்னும் நச்சு உண்டாகிறது. சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுத்தபின், மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகிறது. டியூப்லைட்டில் சிறிதளவு பாதரசம் உண்டு. மிகப் பழைய ஃபிரிட்ஜின் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது.

முறையாகப் பிரித்தால் இதுவே செல்வம். நம்மவர்கள் பலர் உழைத்த கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. ஒரு டன் தாதுவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு தங்கம் ஒரு டன் பழைய செல்போனில் இருக்கிறது.

மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. 106 வகைச் சாதனங்கள் இவற்றுள் அடங்கும். பழைய பொருள் முறைப்படி மறுசுழற்சியாவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு. பேட்டரிகளுக்கு 2022இல் தனி விதிகள் வந்தன.

நாம் செய்ய வேண்டியவை இவை:

1. பழுது பார்த்து ஓடுமானால் ஓடவிடுங்கள். அல்லது தேவைப்படுவோருக்குக் கொடுங்கள்.

2. டி.வி.யை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

3. செல்போனில் சிம், மெமரி கார்டை எடுத்து, விவரங்களை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

4. ஊதிய பேட்டரியைக் குத்தவோ, குப்பையில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். விலையில் கழிவும் கிடைக்கும்.

5. மற்றவற்றுக்குத் தயாரித்த கம்பெனியின் சேவை எண்ணில் கேளுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாக இருக்கிறது. கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

கபாடிவாலா நம் எதிரியல்லர். பேப்பர், பாட்டில், இரும்பு எல்லாம் அவருக்கே கொடுப்போம். விஷமுள்ளதை மட்டும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

ஒரு மிக்ஸிக்காக யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள். ஐம்பது வீட்டுப் பொருள் ஒரே இடத்தில் சேர்ந்தால் வருவார்கள். எனவே போகிக்கு முந்தைய ஞாயிறன்று நம் சங்கத்தில் இவற்றைச் சேகரிக்கலாம் என்பது என் யோசனை. எடை போட்டுக் கணக்கெழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், பழகிய வேலைதான். இந்த முறை கையில் 200 ரூபாய் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ரசீது வரட்டும்.