'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிய பேட் வாங்குறீங்களா? குழந்தைக்கு சரியான கிரிக்கெட் பேட்டை தேர்வு செய்வது எப்படி?

கோடை விடுமுறை வந்தால் போதும். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் காலி மனை கிடைத்தால் அங்கே ஸ்டம்ப் முளைத்துவிடும். பிள்ளை "கோச்சிங் போறேன்" என்றதும் பெற்றோருக்கு முதல் செலவு பேட்தான். "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரட்டும்" என்று ஸ்கூல் யூனிஃபார்ம் போல ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிவிடுகிறார்கள். யூனிஃபார்மை மடித்துத் தைக்கலாம். பேட்டை என்ன செய்வது?

பெரிய பேட்டால் என்ன பிரச்னை?

நீளமான ஹேண்டில் வயிற்றில் இடிக்கும். எடை அதிகம் என்பதால் பேட் பந்துக்கு லேட்டாக வரும். மேல் கையால் தூக்க முடியாமல் கீழ் கை வேலையை எடுத்துக்கொள்ளும். நேராக வர வேண்டிய பேட் குறுக்கே போகும். மணிக்கட்டு, முழங்கை, தோளில் வலி வரலாம். கடைசியில் "எனக்கு கிரிக்கெட் வரலப்பா" என்று பிள்ளை ஒதுங்கிவிடும். தப்பு பேட்டில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

சச்சின் மட்டும் ஆடலையா?

சச்சின் டெண்டுல்கர் சின்ன வயதில் அண்ணன் அஜித்தின் பேட்டில்தான் ஆடினார். ஹேண்டிலின் அடிப்பகுதியைப் பிடிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் பேட் ஏற்படுத்தும் பழக்கம் கடைசி வரை கூடவே வரும் என்பதற்கு இது சாட்சி. அவருக்கு அது ஒத்துப்போனது. எல்லா பிள்ளைக்கும் ஒத்துப்போகாது.

எந்த உயரத்துக்கு எந்த சைஸ்?

வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். தோராயமான கணக்கு இது. கம்பெனிக்கு கம்பெனி சற்று மாறும்.

* 4 அடி 3 அங்குலம் வரை: சைஸ் 1
* 4 அடி 6 அங்குலம் வரை: சைஸ் 2
* 4 அடி 9 அங்குலம் வரை: சைஸ் 3
* 4 அடி 11 அங்குலம் வரை: சைஸ் 4
* 5 அடி 2 அங்குலம் வரை: சைஸ் 5
* 5 அடி 5 அங்குலம் வரை: சைஸ் 6

அதற்கு மேல் ஹாரோ. சுமார் 5 அடி 8 அங்குலத்தைத் தாண்டினால்தான் பெரியவர்களுக்கான 'ஷார்ட் ஹேண்டில்' பேட். இரண்டு சைஸுக்கு நடுவில் குழப்பமா? சின்னதையே எடுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய 2 சோதனைகள்

பிள்ளையை கூட்டிப் போவது அவசியம்.

1. ஷூ போட்டு, பேட்டிங் செய்வதுபோல் நிற்கச் சொல்லுங்கள். பேட்டின் நுனி பின்கால் விரல் அருகே இருக்கட்டும். ஹேண்டில் முனை தொடையின் மேல்பகுதி வரை வந்தால் சரி. வயிற்றைத் தொட்டால் பெரிது.

2. மேல் கையால் மட்டும் பிடித்து பேட்டைப் பின்னால் தூக்கச் சொல்லுங்கள். வலது கை ஆட்டக்காரருக்கு அது இடது கை. சில விநாடிகள் ஆடாமல் நின்றால் எடை சரி. கை நடுங்கினால் வேறு பேட் பாருங்கள். ஒரே சைஸிலும் மரத்தைப் பொறுத்து எடை மாறும் என்பதால் நாலைந்து பேட்டை தூக்கிப் பார்ப்பது நல்லது.

எந்த மரம்?

தெருவில் டென்னிஸ் பந்து ஆட லேசான டென்னிஸ் பேட் போதும். அதில் லெதர் பந்தை அடித்தால் பேட் விரிசல் விடலாம். லெதர் பந்து கோச்சிங்குக்கு காஷ்மீர் வில்லோவில் தொடங்கலாம். இங்கிலீஷ் வில்லோ விலை பல மடங்கு. சைஸ் பெரிதான இங்கிலீஷ் வில்லோவைவிட அளவு சரியான காஷ்மீர் வில்லோவே பிள்ளைக்கு நல்லது. புது லெதர் பேட்டை மரச் சுத்தியால் பக்குவமாகத் தட்டி, தயார் செய்த பிறகே ஆடத் தர வேண்டும்.

பிள்ளை வளர வளர பேட் மாறத்தான் செய்யும். அடிக்கடி புதுசு வாங்க கட்டுப்படியாகாதா? கோச்சிங்கில் உள்ள சீனியர் பிள்ளைகளிடம் சின்னதாகிப்போன பேட் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குச் சின்னதானதை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.