இரண்டு விளக்குகளுக்கு நடுவே

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், விசாரணைக்கு வரவேண்டிய வழக்கு வாய்தா போடப்பட்டுவிட்டபடியால், பிற்பகல் முழுவதும் எதிர்பாராத வண்ணம் நம் கைக்குக் கிட்டியது. வானம் மாசு மறுவின்றி இருந்தது. வெயில் தெளிவாகக் காய்ந்தது. காரியாலயத்துக்குத் திரும்பினால் கடிதங்களும் புரூப் தாள்களும் காத்திருக்கும். காத்திருக்கட்டும் என்று தீர்மானித்துக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். மோட்டார் வேண்டாம், ரயிலே போதும் என்பதும் அக்கணத்தில் செய்த முடிவேயாகும்.

ஹைகோர்ட்டின் பெரிய கோபுரத்தில் 1894-ம் ஆண்டு முதல் 1977-ம் ஆண்டு வரையில் கப்பல்களுக்கு வழி காட்டும் விளக்கு எரிந்து வந்ததென்பதை இளைஞரில் அநேகர் அறியார். 1977-ல் அப்பணியை மெரினாவிலுள்ள புதிய கலங்கரை விளக்கம் ஏற்றுக்கொண்டது. பழைய விளக்கின் அடியிலிருந்து புதிய விளக்கின் அடிவரையில் செல்வதென்று நம் பயணத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டோம்.

ரயில் ஏறும் இடத்துக்குச் சென்னைக் கடற்கரை நிலையம் என்று பெயர். ஆயினும் அங்கே கடலைத் தொட முடியாது. முற்காலத்தில் அலைகள் அச்சாலையின் அருகிலேயே புரண்டன. இப்பொழுது நடுவே துறைமுகம் நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலினுள் எழுப்பிய சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் அள்ளிச் செல்லும் மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவு குன்றி, ராயபுரம் முதலிய இடங்களில் கடல் கரையை அரித்தது. ஒரு பகுதியார் பெற்ற செல்வம் மற்றொரு பகுதியார் இழந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

5 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிப் பறக்கும் ரயிலில் ஏறினோம். எதிர் ஆசனத்தில் முதியவர் ஒருவர் தம் பேத்தியுடன் அமர்ந்திருந்தார். வண்ணாரப்பேட்டைவாசி, துறைமுகத்தில் மூட்டை தூக்கி உழைத்து ஓய்ந்தவர். எங்கே பயணம் என்று விசாரித்தோம். “புள்ளைக்கு அலை பார்க்கணுமாம், ஐயா” என்றார். அடிக்கடி வருவதுண்டா என்று கேட்டதற்கு, அவர் தந்த விடை நம் உள்ளத்தில் தைத்தது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலிருந்து 2024-ம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி வரையில், நான்காவது இருப்புப்பாதை அமைக்கும் வேலையை முன்னிட்டுக் கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே இந்த ரயில் நிறுத்தப்பட்டிருந்தது. “அந்தப் பதினாலு மாசமும் கடல் பக்கமே வரலை. பஸ் மாறி மாறி ஏற என் காலுக்குச் சக்தி இல்லை. வண்டி ஓடினா கடல் கிட்ட இருக்கு, ஐயா, நின்னா தூரமாப் போயிடுது” என்றார் அவர். சட்ட புத்தகங்கள் பலவற்றில் காணாத தெளிவை அச்சொற்களில் கண்டோம்.

சேப்பாக்கத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியே நடந்து கடற்கரையை அடைந்தோம். கவர்னர் கிராண்ட் டப் 1884-ம் ஆண்டில் இங்கே உலாவும் பாதை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அவர் அமைத்தது சிலர் காற்று வாங்குவதற்கு. நம் மக்களோ அதனைத் தங்கள் சபா மண்டபமாக்கிக் கொண்டார்கள். திலகர் கட்டத்தில் தேசபக்தர்கள் முழங்கினார்கள். 1923-ம் ஆண்டு மே மாதம் முதல் நாள் சிங்காரவேலர் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடியதும் இம்மணலிலேதான். அனுமதிச் சீட்டின்றி எவரும் வந்து நிற்கக்கூடிய இடமாக இது இருந்ததே அதற்கெல்லாம் காரணம்.

இடப்புறம் கடல், வலப்புறம் கலாசாலைகளின் செந்நிறக் கட்டடங்கள். தெற்கு நோக்கி நடந்தோம். வெயிலில் நிலம் விரைவாகச் சூடேற, கடலின் குளிர்ந்த காற்று கரை நோக்கி வீசும். அக்காற்று இருந்தும், மணற்பரப்பில் வெயிலின் உக்கிரத்தை உணர்ந்தோம். ஒதுங்கி நிற்க நிழல் அரிது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி நம் நினைவுக்கு வந்தது. அன்று விமானப்படையின் சாகசக் காட்சியைக் காண லட்சக்கணக்கான ஜனங்கள் நடுப்பகல் வெயிலில் இக்கரையில் கூடினர். குடிநீருக்குத் தவித்தனர், பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிர் நீத்தனர். ரயில் நிலையங்களில் நெரிசல் சொல்லுந்தரமன்று. முதியவர் சொன்ன பதினான்கு மாதங்களுக்குள் அடங்கியதே அந்நாளும்; வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு நேரான ரயில் அன்று இல்லை.

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்குச் சட்டம் விடை கூறியிருக்கிறது. பியாஸ் நதிக்கரை பற்றிய வழக்கில் 1996-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவை பொதுஜனங்களின் பொருட்டு அரசாங்கத்தினிடம் ஒப்படைக்கப்பட்ட தர்மச் சொத்துக்கள் என்ற கொள்கையை நிலைநாட்டினர். நல்ல தீர்ப்பு. ஆனால் சொத்தின் வாசலுக்குச் செல்ல வழியில்லாதவனுக்குப் பாத்தியதை இருந்து பயன் என்ன? பாத்தியதையைப் போல் பாதையும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

இது முடியாத காரியமன்று. 2022-ம் ஆண்டு நவம்பரில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே செல்லும்படி மணலின்மீது மரப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதமே புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் செப்பனிட்டார்கள். கடலை வாழ்நாளில் அருகே காணாதவர்கள் அதனால் அலையைத் தொட்டார்கள். அந்தச் சிந்தனையை மணலோடு நிறுத்தாமல் ரயில் நிலையத்தின் படிவரையில் நீட்டினால் போதும். நிலையத்திலிருந்து கரைவரை நிழல் தரும் மரங்களும், இடையிடையே குடிநீரும், பெண்டிருக்கும் முதியோருக்கும் ஏற்ற கழிப்பிடமும் வேண்டும். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்த நேர்ந்தால், அத்தனை நாளும் அதே கட்டணத்தில் அதே வழியில் பஸ்கள் ஓட வேண்டும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ வழி வகுத்திருப்பவர்கள், அதன் கட்டணம் மூட்டை தூக்கிப் பிழைப்பவனையும் உள்ளே விடுமா என்பதை இப்பொழுதே யோசிக்க வேண்டும்.

சுமார் 3 கிலோமீட்டர் நடந்து புதிய விளக்கின் அடியை அடைந்தபோது நிழல்கள் நீண்டிருந்தன. சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே நிலையத்துக்கு நடந்தோம். திரும்பும் வண்டியில், திருவல்லிக்கேணியில், அம்முதியவரும் பேத்தியும் ஏறினார்கள். பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது. கை நிறையக் கிளிஞ்சல்கள். நம்மைக் கண்டதும் அவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டினாள். இதனை எழுதும் மேஜைமீது அது இருக்கிறது.

அடுத்த வாரமும் அவள் கடலுக்குப் போக வேண்டும். அதற்கு வேண்டியது 5 ரூபாய்ச் சீட்டும் நிற்காத வண்டியுமே. பொறுப்பிலிருப்போர் இதனைக் கவனிப்பார்களென நம்புகிறோம்.