தரைக்குள் பாயும் மின்சாரம் – 9: பள்ளமும் மேடும்

வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்களைச் சென்ற வாரம் கொஞ்சம் கிண்டல் செய்திருந்தேன். "மெஷின் வைத்துப் பார்ப்பவர் மட்டும் பாறைக்குள் புகுந்தா பார்க்கிறார்?" என்று சில வாசகர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். அவர் புகுவதில்லை, மின்சாரத்தைப் புகவிடுகிறார். அது என்ன வேலை என்பதை ஜவ்வாது மலையில் வைத்துச் சொல்கிறேன். முடிக்கும்போது சைபீரியா, சிக்கிம் வரை போய்விடுவோம்.

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் சாமைக் கொல்லைகளும் பலாமரங்களுமாக நிலம் படிப்படியாக விரிகிறது. மேலே கொஞ்சம் மண். அதற்கடியில் மக்கிப்போன பாறை, சில இடங்களில் நாலைந்து ஆள் ஆழம், சில இடங்களில் முழங்காலளவுகூட இல்லை. அதற்கும் கீழே சார்னோக்கைட், நைஸ் என்று கெட்டிப் பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 73 சதவீதம் இப்படிப்பட்ட கடினப்பாறை நிலம்தான். தண்ணீர் தங்குவது மக்கிய பாறையிலும், கெட்டிப் பாறையில் ஓடும் வெடிப்புகளிலும் மட்டும். வெடிப்பைத் தவறவிட்டால் ரிக் வண்டி இரவு முழுக்க இரைந்து, மாவு போன்ற கல்தூளை மட்டும் ஊதித் தள்ளும். 'போர் புகையாப் போச்சு' என்பார்கள். கடன் வாங்கி போர் போட்டவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பில் எரிவதும் வயிற்றில் எரிவதும் ஒன்றுதான்.

அதற்கு முன்னால்தான் ஜியாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டு 'பாயிண்ட்' பார்க்கச் சொல்வது. அவர் கொண்டுவருவது சூட்கேஸ் அளவில் ஒரு ரெசிஸ்டிவிட்டி மீட்டர், பேட்டரி, ஒயர்ச் சுருள்கள், நாலு எஃகுக் கம்பிகள், இரண்டு சுத்தியல், அளக்கும் டேப். நாலு கம்பிகளையும் ஒரே நேர்கோட்டில் அடிப்பார்கள். வெளியே இருக்கும் இரண்டின் வழியாக மின்சாரம் தரைக்குள் போகும். உள்ளே இருக்கும் இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் என்று பெட்டி காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, கம்பிகளின் இடைவெளிக்கான எண்ணால் பெருக்கினால் ஓம்-மீட்டர் கணக்கில் ஒரு விடை. பிறகு நடுப்புள்ளியை அசைக்காமல் வெளிக்கம்பிகளை இன்னும் தள்ளி அடித்து அடுத்த அளவு. கம்பிகள் விலக விலக மின்சாரம் இன்னும் ஆழத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். 1912இல் பிரான்சின் கான்ராட் ஷ்லும்பர்ஜே தொடங்கிவைத்த வித்தை இது. உலகெங்கும் எண்ணெய்க் கிணறுகளில் 2022 வரை பார்த்த அந்த நிறுவனப் பெயரும் அவர் குடும்பத்துடையதே.

சொல்ல எளிது. மலையில் இருநூறு மீட்டருக்கு நேர்கோடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கோட்டின் ஒரு முனை ஓடையில் இறங்கும், மறுமுனை பாறைமேல் ஏறும். சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் கம்பியை அடித்தால் மின்சாரமே இறங்காது. பிளாஸ்டிக் பாட்டிலில் உப்புத் தண்ணீர் கலக்கிக் கம்பியைச் சுற்றி ஊற்றுகிறார்கள். மண்ணுக்கென்றே சொந்தமாகச் சில மில்லிவோல்ட் உண்டு. அது கணக்கைக் கெடுக்காமலிருக்க, பெட்டி மின்சாரத்தைச் சில நொடிக்கொரு தரம் திசை மாற்றி அனுப்பிச் சராசரி எடுத்துக்கொள்கிறது.

அளவுகளையெல்லாம் லாக் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு வளைகோடு. மேல்மண் காய்ந்திருப்பதால் கோடு உயரத்தில் தொடங்கும். நீர் ஊறிய மக்கிய பாறை வந்ததும் இறங்கும், அங்கே சில பத்து ஓம்-மீட்டர் என்பது சாதாரணம். கெட்டிப் பாறை தட்டுப்பட்டதும் ஏறும். அந்த ஏற்றம் 45 டிகிரியில் நேராகப் போனால் கீழே வெடிப்பில்லாத முழுப்பாறை, ஆயிரக்கணக்கில் ஓம்-மீட்டர். நடுவில் விழும் அந்தப் பள்ளத்தில்தான் விவசாயியின் பணம் கிடக்கிறது. நாலு தடவை இதைப் பார்த்தவர்கள் தாளை எட்டிப்பார்த்து, "பள்ளம் விழுதா சார்?" என்றே கேட்பார்கள். விழுந்தாலும் தண்ணீர் நிச்சயமில்லை. களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் சொட்டுத் தண்ணீர் தராது.

இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவோம். ஜவ்வாது மலையில் மார்கழி விடியலில் பல் கிட்டும், தரை உறையாது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும், திபெத்தின் உயரங்களிலும், நம் லடாக்கின் மேடுகளிலும் தரையே உறைந்து கிடக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். உறைநிலம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் தேடிப்போய் இந்த உறைநிலத்தில் முட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. யாகுத்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிக ஊழியர் 1828இல் ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டி 116 மீட்டர் இறங்கியும் உறைந்த மண் முடியவில்லை. தண்ணீரும் வரவில்லை. அந்தக் காலத்து 'புகையாப் போன போர்' என்றால் அதுதான். ஆனால் அந்த வறண்ட குழிக்குள் மிடென்டார்ஃப் என்ற அறிஞர் 1840களில் வெப்பமானிகளை வைத்து அளந்தபோதுதான் உறைநிலத்தின் ஆழத்தைப் பற்றி அறிவியல் உலகம் முதன்முதலாக நம்பும்படி ஒரு கணக்கு கிடைத்தது.

இன்று அங்கே கிணறு வெட்டாமல் கம்பி அடிக்கிறார்கள். மண்ணில் மின்சாரத்தைச் சுமந்துபோவது தண்ணீரில் கரைந்த உப்புகள். தண்ணீர் உறைந்தால் அந்தப் பாதை அடைபடுகிறது. அதனால் வளைகோடு தலைகீழாகிறது. கோடையில் உருகிய மேல்மண்ணில் எண் குறைவு, உறைந்த அடுக்கில் ஆயிரம், லட்சம் என்று எகிறும், அதற்கும் கீழே பூமியின் சூட்டில் உறையாத நிலம் வந்தால் மறுபடி இறங்கும். பள்ளத்துக்குப் பதில் மேடு. ஜவ்வாது மலையில் மனதை உடைக்கும் எண், அங்கே தேடிப்போன பொருளே அகப்பட்டதற்கு அடையாளம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. மண் பூஜ்ஜியம் டிகிரியில் சட்டென்று முழுதும் உறைந்துவிடுவதில்லை. உறையும் பனி உப்பை வெளியே தள்ளுகிறது. மிச்சத் தண்ணீர் உப்பேறி, களிமண் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக மைனஸ் ஒன்று, இரண்டு டிகிரியிலும் உறையாமல் ஓடுகிறது. குளிர் கூடக்கூடப் படலம் மெலியும், தடை ஏறும். ஆகவே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளந்தால், கம்பிகள் நிலத்துக்கு ஒருவகை வெப்பமானியாகிவிடுகின்றன.

சுவிட்சர்லாந்தின் ஷில்தோர்ன் சிகரத்தில் 1999 முதல் இதைச் செய்துவருகிறார்கள். 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் மலையுச்சிக் கோட்டையாக வந்த அதே சிகரம். அங்கே கம்பிகளைப் பிடுங்குவதில்லை. வரிசையாக நிரந்தரமாகப் பதித்து ஒரே கேபிளில் கோத்திருக்கிறார்கள், பெட்டியே நாலு நாலாகத் தேர்ந்து அளந்துகொள்கிறது. 2003இல் ஐரோப்பாவை வாட்டிய கோடையில், வழக்கமாக 5 மீட்டர் அளவுக்கு உருகும் நிலம் கிட்டத்தட்ட 9 மீட்டர் உருகியது. பனி கரைந்ததைத் தரையில் போட்ட ஆழ்துளைக்குள் இருந்த வெப்பமானிகளோடு மின்தடை எண்களும் காட்டின.

நம் மலைகளில் பெரும்பாலும் ஒரு பாயிண்டுக்கு ஒரு தடவையோடு கம்பியைப் பிடுங்கிவிடுகிறோம். தாள் ஃபைலுக்குள் போய்விடும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை என்று அதே கோட்டில் அளந்தால், எந்தக் கொல்லைக்கடியில் ஈரம் எவ்வளவு நாள் தங்குகிறது என்று தெரியும். ஒரு போருக்கு இடம் பார்க்க அல்ல, எத்தனை போர் தாங்கும் என்று முடிவெடுக்கவே அது வேண்டும். கேட்பவர் இல்லை, ஏனென்றால் கூலி பாயிண்டுக்குத்தான், விவரத்துக்கு அல்ல.

மேடு தெரிந்தால் பனி என்று உறைநிலத்திலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பனி, முழுப்பாறை, பாறாங்கற்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றுக் காற்று, மூன்றுமே மின்சாரத்தை விடாது. அதனால் கூடவே சுத்தியலால் தரையை அடித்து அதிர்வின் வேகத்தையும் அளக்கிறார்கள். காற்றில் நொடிக்கு 330 மீட்டர், பனியில் 3,500 அளவில், கெட்டிப் பாறையில் பெரும்பாலும் அதைவிட அதிகம். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு.

இந்தியாவில் இது வெறும் ஆராய்ச்சி ஆசையில்லை. லேவிலிருந்து கர்துங் லா போகும் வழியில் 4,727 மீட்டர் உயரத்தில் தெற்குப் புல்லு என்ற இடத்தின் உறைநிலத்தைப் பற்றி ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்தார் பங்கேற்ற ஆய்வு வெளியாகியிருக்கிறது. 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்கரையில் உறைந்திருந்த மொரைன் (பனியாறு ஒதுக்கிய கல்மண்) மேடு, ஏறத்தாழ 1.47 கோடி கனமீட்டர், சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட கரைகளுக்குள் பனி எங்கே, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய சில வழிகளில் ஒன்று இந்தக் கம்பி வரிசை. ஆனால் 5,200 மீட்டர் உயரத்துக்குப் பேட்டரியையும் கேபிள் சுருளையும் ஆள்தான் சுமக்கவேண்டும். கற்குவியலில் கம்பி நிற்காது. உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சுகளைக் கல்லிடுக்கில் திணித்து அதற்குள் கம்பியைச் செருகுகிறார்கள்.

அடுத்த வாரம்: டிரான்ஸ்ஃபார்மர் எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுவது எதற்கு?

(தொடரும்)