தியேட்டரில் தோற்று, வீட்டில் ஜெயித்த தூத்துக்குடி படங்கள்

வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிவதற்குள் 'ஹிட்', 'ஃப்ளாப்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால், அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. வீடியோ கேசட், சி.டி., டி.வி.டி., இப்போது ஓ.டி.டி. எனப் பெயர்தான் மாறுகிறது. அப்பீல் கோர்ட் என்னவோ நம் வீட்டு ஹால்தான். விசில் கிடையாது, கட்அவுட் கிடையாது. கையில் ரிமோட், பக்கத்தில் 'இதெல்லாம் நடக்குற காரியமா?' என்று கேட்க ஒரு பெரியம்மா.

இந்த அப்பீலில் அதிகம் ஜெயித்தவை தூத்துக்குடிக் கரையோரப் படங்கள் என்று அடித்துச் சொல்வேன்.

முதல் சாட்சி, 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்'. ம.பொ.சி.யின் நூலை வைத்து பி.ஆர்.பந்துலு எடுத்த படம். வ.உ.சி.யாக சிவாஜி, பாரதியாக எஸ்.வி.சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம். அப்படியும் வசூலில் படுத்துவிட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போல முழங்கும் சிவாஜியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, செக்கிழுத்துத் தேய்ந்து, வெளியே வந்து வறுமையில் வாடும் சிவாஜி பாரமாக இருந்திருக்கலாம். பிறகு சுதந்திர தினம்தோறும் டி.வி.யில் போட்டுப் போட்டே அந்தப் படம் நம் வீட்டுப் படமாகிவிட்டது. இன்று வ.உ.சி. என்றதும் பலருக்கு சிவாஜியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டில் பார்க்கும்போது அந்தப் பிற்பாதிதான் ஆளை உலுக்குகிறது. தியேட்டரில் நூறு பேர் நடுவில் அழ வெட்கப்படுகிறவர்கள் ஹாலில் தாராளமாக அழுவார்கள்.

அடுத்து மணப்பாடு. மணல் மேட்டில் திருச்சிலுவை ஆலயம், கீழே கடல். 2012 நவம்பர் கடைசியில் வந்த சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை', 2013 பிப்ரவரியில் வந்த மணிரத்னத்தின் 'கடல்', இரண்டுக்குமே இந்த ஊர்தான் களம். ஒரே கரை, இரண்டு மாத இடைவெளி, இரண்டு படம்! தியேட்டரில் 'கடல்' பெரிய நஷ்டம். அன்று நானும் பாதியில் செல்போனைப் பார்த்தவன்தான்.

வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரிகளில் போட்டுப் பாருங்கள். 'கடல்' படத்தில் ராஜீவ் மேனன் கேமரா காட்டும் அலையும் மணலும் கண்ணை விட்டுப் போகாது. தாயைப் பறிகொடுத்த சிறுவன் வரும் ஆரம்பப் பகுதியும் அப்படித்தான். பிற்பாதியில் பாதிரியாருக்கும் சாத்தானுக்கும் நடக்கும் சண்டை மட்டும் மறுபடி பார்த்தாலும் எனக்கு ஒட்டவில்லை. 'நீர்ப்பறவை' நேர் எதிர். படமாக்கம் எளிமை, ஆனால், கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் எஸ்தரை மறக்க முடியாது. என் பெரியம்மா இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "அதுல கடல் அழகா இருக்கு. இதுல கடல் பயமா இருக்கு." விமர்சனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

இந்தக் கோர்ட்டில் தோற்ற படமும் உண்டு. 2013-ல் தியேட்டரை அதிரவைத்த ஹரியின் 'சிங்கம் 2' அது. தூத்துக்குடி கடத்தல் கும்பல், என்.சி.சி. வாத்தியார் வேஷத்தில் போலீஸ் சூர்யா என்று பரபரப்பான கதைதான். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை தூங்கும்போது சவுண்டைக் குறைத்துவிட்டால் துரைசிங்கத்தின் கர்ஜனையில் பாதி போய்விடுகிறது. அது படத்தின் குற்றமில்லை. ஆயிரம் பேரோடு உட்கார்ந்து பார்க்கச் செய்த படம். அதனால் போலீஸ் மசாலாவையும் குடும்பக் கதையையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

2024-ல் வந்த மாரி செல்வராஜின் 'வாழை' இரண்டு கோர்ட்டிலும் ஜெயித்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை. முடிந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.

இத்தனை படம் வந்தும் இந்தக் கரையின் பெரிய கதை ஒன்று பெட்டிக்குள் வரவே இல்லை. முத்துக்குளிப்பு! காலில் கல், இடுப்பில் கயிறு, மூச்சை அடக்கி அடிமட்டத்தில் உள்ள பாருக்கு இறங்கி, சிப்பி அள்ளி ஏறுவார்கள். மேலே கயிறு பிடிப்பவர் கையில்தான் உயிர். மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துச் சலாபம் நடந்ததும் 1961-ல்தான், 'கப்பலோட்டிய தமிழன்' வந்த அதே வருஷம். அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை, சலாபமும் நின்றுபோனது.

அன்று இருபது வயதில் மூழ்கியவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். யாராவது இயக்குநர் படம் எடுப்பதாக இருந்தால், 'அப்படியில்ல தம்பி, கயித்த இப்படிப் பிடிக்கணும்' என்று திருத்த இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே அது வீட்டு டி.வி.யில் ஓட வேண்டும். தியேட்டரில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.